ஃபயர்வால் மூடியிருந்தும் தரவுத்தளத்தை வெளியாள் தட்டுகிறான்: எடைமேடைச் செயலியின் இணைப்பை எப்படிச் சரிசெய்வது?

மாங்காய்மண்டி (கிருஷ்ணகிரி), ஜூன் 18, இரவு 11.42

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலைக்கு நானும் என் நண்பர் ஒருவரும் சேர்ந்து கொள்முதல் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்து, இரண்டு சீசன்களாகப் பராமரித்து வருகிறோம். லாரியோ டிராக்டரோ எடைமேடையில் ஏறியதும் மொத்த எடையும், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெற்று வண்டியின் எடையும் பதிவாகி, கழிவு போக நிகர எடையும் அன்றைய விலையும் கணக்கிடப்பட்டு, விவசாயிக்கு எடைச்சீட்டு அச்சாகும். அவர்களுடைய பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதே தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன.

பெங்களூரில் உள்ள ஒரு தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரே உபுண்டு சர்வரில் ஜாங்கோ என்ற பைதான் கட்டமைப்பில் எழுதிய செயலி ஒரு டாக்கர் கன்டெய்னராகவும் (தனித்து அடைத்து ஓட்டப்படும் நிரல்), தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸ் 15 இன்னொரு கன்டெய்னராகவும் ஓடுகின்றன. எடைமேடை அறையிலுள்ள விண்டோஸ் கணினியில் நாங்கள் எழுதிய சிறு நிரல், எடைக் கருவியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையைப் படித்து, நேராகத் தரவுத்தளத்தில் எழுதுகிறது. ஆலையின் கணக்கு அலுவலகம் எக்செல்லில் ஓடிபிசி என்ற தரவுத்தள இணைப்பு மூலமாக அறிக்கைகளை எடுத்துக்கொள்கிறது. எல்லாரும் 'போஸ்ட்கிரஸ்' என்ற ஒரே பயனரைத்தான் பயன்படுத்துகிறோம். அது தவறு என்பது தெரியும், வேலை அவசரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

இன்று மாலை வேறொரு காரணத்துக்காக லாக்கைத் திறந்தபோது, 'போஸ்ட்கிரஸ்' பயனருக்குக் கடவுச்சொல் தவறு என்ற வரி ஆயிரக்கணக்கில் இருந்தது. முன்பின் தெரியாத வெளிநாட்டு முகவரிகளிலிருந்து நொடிக்கொன்றாக முயன்றிருக்கிறார்கள். போன மாதமே நண்பர் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைப் போட்டு 22, 80, 443 ஆகிய மூன்று போர்ட்டுகளை (இணைப்பு வாசல்களை) மட்டும்தான் திறந்து வைத்தார். அதன் நிலையைக் கேட்டாலும் தரவுத்தளத்தின் போர்ட்டான 5432 பட்டியலிலேயே இல்லை. அப்படியிருக்க இவர்கள் எப்படி உள்ளே வந்து தட்டுகிறார்கள்? சீசன் உச்சத்தில் இருப்பதால் சர்வரை நீண்ட நேரம் நிறுத்தவும் முடியாது. இரவு இரண்டு மணிக்கும் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன.

ஓசூர்க்காரன் (ஓசூர்), ஜூன் 19, காலை 6.15

தம்பி, உங்கள் கேள்விக்கான சாட்சி உங்கள் பதிவிலேயே இருக்கிறது. எடைமேடைக் கணினி காவேரிப்பட்டணத்தில் இருக்கிறது, தரவுத்தளம் பெங்களூரில் இருக்கிறது, அது 5432 வழியாகத்தான் போகிறது. ஃபயர்வால் உண்மையிலேயே அந்தப் போர்ட்டை அடைத்திருந்தால் போன மாதம் அதைப் போட்ட நிமிடமே உங்கள் எடைமேடை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஃபயர்வால் அந்தப் பாதையில் இல்லவே இல்லை என்று பொருள்.

காரணம் டாக்கர். கன்டெய்னர்களை வரையறுக்கும் கம்போஸ் கோப்பில் போர்ட் வரியில் 5432:5432 என்று எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் டாக்கர் தானாகவே லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் முகவரி மாற்றும் விதி ஒன்றைச் சேர்த்துவிடும். வெளியிலிருந்து வரும் பாக்கெட், சர்வருக்கே உரியதாகக் கருதப்படாமல் கன்டெய்னருக்குக் கடத்தப்பட வேண்டியதாக மாறிவிடுவதால், சர்வருக்குள் வருபவற்றைச் சோதிக்கும் யுஎஃப்டபிள்யூ விதிகளின் பக்கமே அது போவதில்லை. முன்வாசலில் காவலாளி நிற்கிறார், சரக்கு பக்கவாட்டுக் கேட் வழியாகப் போகிறது. யுஎஃப்டபிள்யூ காட்டும் பட்டியல் பொய்யில்லை. அதற்குத் தெரிந்ததை அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

முதல் திருத்தம் ஒரே வரி. 5432:5432 என்பதை, சர்வருக்குள் மட்டும் செல்லும் முகவரியைச் சேர்த்து 127.0.0.1:5432:5432 என்று மாற்றிவிட்டுக் கன்டெய்னரை மறுபடி உருவாக்குங்கள். ஜாங்கோ செயலி அதே கம்போஸ் வலையமைப்பில் இருப்பதால் சேவைப் பெயரை வைத்தே தரவுத்தளத்தை அடையும். அதற்குப் போர்ட்டை வெளியில் காட்டவே தேவையில்லை. ஆனால் எடைமேடையும் கணக்கு அலுவலகமும் அந்த நொடியே துண்டிக்கப்படும். ஆகவே அவற்றுக்கு மாற்று வழி அமையும் வரை, டாக்கர்-யூசர் என்ற விதித் தொடரில் அந்த இரண்டு இடங்களின் முகவரிகளை மட்டும் அனுமதித்து மற்றதை அடைத்து வையுங்கள். டாக்கர் தன் விதிகளுக்கு முன்னால் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் இடம் அது.

பர்கூர்பாறை (பர்கூர்), ஜூன் 19, காலை 8.03

நண்பரே, இவ்வளவு சிரமம் எதற்கு? போர்ட் எண்ணை 5432 இலிருந்து 55432 என்று மாற்றிவிட்டால் தட்டல் அடியோடு நின்றுவிடும். நான் மூன்று சர்வர்களில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்; லாக் சுத்தமாக இருக்கிறது.

ஓசூர்க்காரன், ஜூன் 19, காலை 8.20

லாக் சுத்தமாக இருக்கும் என்பது சரி. ஆனால் ஐபிவி4 முகவரிகளின் மொத்தமே ஏறக்குறைய 430 கோடிதான். அவ்வளவையும் ஒரு போர்ட்டுக்குச் சலித்துப் பார்ப்பதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் கருவிகள் 2013 முதலே இலவசமாகக் கிடைக்கின்றன. 55432 என்பதும் பலர் கையாளும் எண்தான். சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், பூட்டு என்று நினைத்து மாற்றாதீர்கள்.

பாடவேளை (தருமபுரி), ஜூன் 19, காலை 9.50

நான் பாலிடெக்னிக்கில் கணினித் துறையில் பாடம் நடத்துகிறேன். தம்பி, கதவை அடைப்பதற்கு முன்பாகவோ, குறைந்தது அடைத்த உடனேயோ, ஏற்கெனவே யாராவது உள்ளே வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். நீங்கள் பயன்படுத்துவது எல்லா அதிகாரமும் கொண்ட சூப்பர்யூசர். போஸ்ட்கிரஸில் சூப்பர்யூசருக்கு 'காப்பி ஃப்ரம் புரோகிராம்' என்ற கட்டளை மூலம் இயங்குதளத்தின் கட்டளைகளையே ஓட்ட முடியும். இந்த வசதி 2013இல் வந்த 9.3 பதிப்பு முதலே இருக்கிறது. ஆகவே கடவுச்சொல்லை ஒருவர் சரியாக ஊகித்துவிட்டால் அவர் கையில் கிடைப்பது உங்கள் அட்டவணைகள் மட்டுமல்ல, அந்தக் கன்டெய்னரே. கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்களைத் திறந்து கிடக்கும் போஸ்ட்கிரஸ்களில் இந்த வழியாகத்தான் இறக்குகிறார்கள்.

உங்களுக்குத் தெரியாத பயனர் பெயர் ஏதேனும் உருவாகியிருக்கிறதா, கன்டெய்னருக்குள் போஸ்ட்கிரஸ் அல்லாத நிரல் ஏதேனும் ஓடுகிறதா, இரவில் வண்டி வராத நேரத்திலும் சிபியு முழுமூச்சில் இயங்குகிறதா என்று பாருங்கள். வெற்றி பெற்ற இணைப்புகளை லாக்கில் எழுதும் அமைப்பு இயல்பாக அணைந்திருக்கும். அதை இன்றே இயக்கிவிடுங்கள். சந்தேகப்படும்படி ஏதேனும் தென்பட்டால் அதே சர்வரில் ஒட்டுப்போட வேண்டாம். புதிய சர்வரில் பழைய காப்புப்பிரதியிலிருந்து மீட்டெடுப்பதே முறை. அதோடு, 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி இத்தகைய அத்துமீறலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். விவசாயிகளின் கணக்கு எண்கள் இருப்பதால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஆலை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லி வையுங்கள். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது.

மாங்காய்மண்டி, ஜூன் 19, இரவு 10.31

அண்ணாவுக்கும் மேடத்துக்கும் மிக்க நன்றி. புதிய பயனர் எவரும் இல்லை, அந்நிய நிரல் எதுவும் ஓடவில்லை, சிபியு வரைபடமும் வண்டி வரத்தோடுதான் ஏறி இறங்குகிறது. டாக்கர்-யூசர் தொடரில் இரண்டு முகவரிகளை அனுமதித்து மற்றதை அடைத்தேன். கைபேசி இணையத்தை வைத்து வெளியிலிருந்து முயன்று பார்த்தேன், பதிலே வரவில்லை. லாக் அமைதியாகிவிட்டது.

ஆனால் அடுத்ததாக நான் செய்ததில் ஒரு கூத்து நடந்தது. பழைய கடவுச்சொல், நிரலைப் பதிப்புவாரியாகச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் கிடக்கிறது, போன வருடம் எங்களிடம் பயிற்சிக்கு வந்த இரண்டு மாணவர்களிடமும் அந்தப் பிரதி இருக்கிறது. ஆகவே கம்போஸ் கோப்பில் 'போஸ்ட்கிரஸ் பாஸ்வேர்ட்' என்ற சூழல் மாறியில் (நிரல் துவங்கும்போது அதற்குக் கொடுக்கப்படும் மதிப்பு) புதிய கடவுச்சொல்லை எழுதி, ஜாங்கோவின் இணைப்பு முகவரியிலும் அதையே எழுதி, இரண்டையும் மறுபடி துவக்கினேன். செயலி உடனே படுத்துவிட்டது. எடைமேடையில் ஏழு வண்டிகள் நின்றன, மேலாளர் தொலைபேசியில் கத்தினார். பதற்றத்தில் பழைய கடவுச்சொல்லைத் திரும்பப் போட்டதும் எல்லாம் ஓடியது. கோப்பில் புதியது இருக்கும்போது பழையது எப்படி வேலை செய்கிறது?

ஓசூர்க்காரன், ஜூன் 19, இரவு 10.58

அந்த மாறியை டாக்கர் படிமம் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) ஒரே ஒருமுறைதான் படிக்கும்: தரவு அடைவு காலியாக இருந்து, தரவுத்தளம் முதன்முதலாக உருவாகும்போது. அதன் பிறகு கோப்பில் என்ன எழுதினாலும் உள்ளே இருக்கும் கடவுச்சொல் மாறாது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மாற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் இருப்பீர்கள், அந்த மாணவர்களிடம் உள்ள பழைய பிரதி இன்னும் செல்லும்.

போஸ்ட்கிரஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லுக்குள் போய் பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்ட் என்ற கட்டளையால் மாற்றுங்கள். ஆல்டர் ரோல் கட்டளையில் கடவுச்சொல்லை நேராக எழுதினால் அது கட்டளை வரலாற்றிலும், சில அமைப்புகளில் சர்வர் லாக்கிலும் அப்படியே பதிவாகிவிடும். பேக்ஸ்லாஷ் கட்டளையோ உங்கள் பக்கத்திலேயே அதை ஹாஷ் (திரும்ப மாற்ற முடியாத குறியீடு) ஆக்கிவிட்டுத்தான் அனுப்பும். மாற்றிய பிறகும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் அறுபடாது என்பதை நினைவில் வையுங்கள். அவற்றை நீங்களாகத் துண்டிக்க வேண்டும்.

புதிய கடவுச்சொல்லில் @ குறி இருந்ததா? இணைப்பை முகவரி வடிவில் எழுதும்போது அந்தக் குறிக்குப் பின்னால் வருவதுதான் சர்வர் பெயர் என்று பொருள்படும். கடவுச்சொல்லுக்குள் அது வந்தால் %40 என்று எழுத வேண்டும்.

மாங்காய்மண்டி, ஜூன் 19, இரவு 11.20

இருந்தது அண்ணா. ஒன்றல்ல, இரண்டு.

தகடூரான் (பாப்பாரப்பட்டி), ஜூன் 20, காலை 7.12

இந்த இழையைப் படித்துவிட்டு இரவெல்லாம் என் சர்வரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பட்டுக்கூடு கொள்முதல் கணக்குக்காக நான் எழுதிய ஒரு செயலியில், யார் எங்கிருந்து எந்தத் தரவுத்தளத்துக்கு வரலாம் என்று சொல்லும் பிஜி எச்பிஏ கோப்பின் கடைசியில், என் அலுவலக முகவரிக்கு மட்டும் அனுமதி தரும் அழகான வரி ஒன்றை எழுதி வைத்திருந்தேன். கோப்பின் நடுவில் யாரோ எழுதிய ஒரு கட்டுரையைப் பார்த்து நானே முன்பொரு நாள் ஒட்டிய 'ஹோஸ்ட் ஆல் ஆல் 0.0.0.0/0 எம்டி5' என்ற வரி அப்படியே இருந்தது. போஸ்ட்கிரஸ் அந்தக் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். கீழே அதைவிடக் கடுமையான வரி இருக்கிறதே என்று தேடாது. உலகம் முழுவதையும் அனுமதிக்கும் வரி மேலே இருக்க, கீழே நான் எழுதியது வெறும் அலங்காரமாக இருந்திருக்கிறது.

அதைத் திருத்தும்போது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பழைய முறையான எம்டி5 என்பதைப் புதிய முறையான ஸ்க்ராம் என்றும் மாற்றினேன், பழைய பயனர்கள் அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். பழைய பதிப்பிலிருந்து எடுத்து வந்த கடவுச்சொற்கள் எம்டி5 ஹாஷாகவே சேமிக்கப்பட்டிருந்ததுதான் காரணம். ஸ்க்ராம்-ஷா-256 முறை 2017இல் 10ஆம் பதிப்பில் வந்தது, 14ஆம் பதிப்பிலிருந்துதான் அது இயல்பானது. ஒவ்வொரு பயனருக்கும் கடவுச்சொல்லைப் புதிதாக வைத்தால்தான் புதிய ஹாஷ் உருவாகும். இனி வரும் ஒரு பதிப்பில் எம்டி5ஐக் கைவிடப் போவதாக 18ஆம் பதிப்பிலேயே அறிவித்துவிட்டார்கள், ஆகவே ஒத்திப்போடுவதில் பயனில்லை.

ஓசூர்க்காரன், ஜூன் 20, காலை 11.05

தகடூரான் சொன்னது மாங்காய்மண்டிக்கும் பொருந்தும். டாக்கரின் அதிகாரப்பூர்வ போஸ்ட்கிரஸ் படிமம், பிஜி எச்பிஏ கோப்பின் கடைசியில் 'ஹோஸ்ட் ஆல் ஆல் ஆல்' என்று ஒரு வரியைத் தானே சேர்த்துவிடும்: எந்தப் பயனரும் எங்கிருந்தும் கடவுச்சொல்லோடு வரலாம். அதை நீக்கிவிட்டு, பயனர் வாரியாக வரிகளை எழுதுங்கள். எழுதிய பிறகு மறு ஏற்றம் போதும், மறு துவக்கம் வேண்டாம்; வண்டிகள் நிற்காது. பிஜி எச்பிஏ ஃபைல் ரூல்ஸ் என்ற காட்சியைக் கேட்டால் கோப்பில் பிழையான வரி இருந்தால் அதையும் எடுத்துக் காட்டும்.

இப்போது முக்கியமான வேலைக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது ஒரு தரவுத்தளம். ஆனால் அதற்கு வருபவர்கள் நான்கு பேர். அட்டவணைகளை உருவாக்கி மாற்றும் மைக்ரேஷன் ஒருவர், அன்றாடம் படித்து எழுதும் ஜாங்கோ செயலி ஒருவர், எடையை மட்டும் எழுதும் எடைமேடை ஒருவர், படிக்க மட்டும் வரும் கணக்கு அலுவலகம் ஒருவர். நால்வருக்கும் நான்கு பயனர்களை உருவாக்குங்கள். அட்டவணைகளின் உரிமையாளராக மைக்ரேஷன் பயனர் மட்டும் இருக்கட்டும். அவருடைய கடவுச்சொல் ஓடும் செயலியின் கையில் இருக்கவே கூடாது. ஜாங்கோ பயனருக்குப் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க அனுமதி போதும், அட்டவணையை அழிக்க வேண்டியதில்லை. எங்காவது ஒரு எஸ்க்யூஎல் ஊடுருவல் ஓட்டை (உள்ளீட்டோடு தரவுத்தளக் கட்டளையை நுழைக்க இடம் தருவது) இருந்து எவராவது அதன் வழியாக வந்தாலும் சேதம் அந்த வேலியோடு நிற்கும்.

கணக்கு அலுவலகத்துக்கு அட்டவணைகளையே காட்டாமல், தேவையான நெடுவரிசைகளை மட்டும் கொண்ட வியூ ஒன்றை உருவாக்கி அதில் படிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அவர்களுக்குப் போதுமென்றால் வியூவிலேயே வெட்டிவிடுங்கள். எக்செல் கோப்பு மின்னஞ்சலில் எங்கெல்லாம் போகும் என்பது நம் கையில் இல்லை. அந்தப் பயனருக்கு ஒரு கட்டளை ஓடக்கூடிய நேர வரம்பான ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை ஒரு நிமிடமாகவும், இணைப்பு வரம்பை மூன்றாகவும் வைத்துவிடுங்கள். இயல்பாக மொத்த இணைப்புகளே 100தான். ஒருவர் எக்செல்லில் புதுப்பிக்கும் பொத்தானைப் பொறுமையிழந்து அழுத்திக்கொண்டே இருந்தால் எடைமேடை பட்டினி கிடக்கக் கூடாது.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதில் விழாதவர்கள் குறைவு. இன்று இருக்கும் அட்டவணைகளுக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி, நாளை மைக்ரேஷன் உருவாக்கும் புதிய அட்டவணைக்குத் தானாகப் போகாது. 'ஆல்டர் டீஃபால்ட் ப்ரிவிலெஜஸ்' என்ற கட்டளையை, எந்தப் பயனர் அட்டவணையை உருவாக்கப் போகிறாரோ அவர் பெயரைக் குறிப்பிட்டு ஓட்டி வையுங்கள். வேறு பயனர் பெயரில் ஓட்டினால் பிழை எதுவும் காட்டாது, பலனும் இருக்காது.

மாங்காய்மண்டி, ஜூன் 20, இரவு 9.47

பயனர் பிரிப்பை ஞாயிறு விடியற்காலையில் செய்யலாம் என்றிருக்கிறேன். இப்போது எடைமேடைதான் உறுத்துகிறது. அங்கே இருப்பது கைபேசி சிம் போட்ட ரவுட்டர். முகவரி அடிக்கடி மாறுகிறது. நேற்று அனுமதித்த முகவரி இன்று மதியம் செல்லவில்லை, இருபது நிமிடம் கையால் சீட்டு எழுதினார்கள். நிரலின் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் வெளிப்படையாக இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மேலும், இணைப்பு முகவரியில், மறையாக்கம் எந்த அளவு வேண்டும் என்று சொல்லும் எஸ்எஸ்எல்மோட் என்பதை 'ரிக்வயர்' என்று வைத்திருக்கிறோம். மறையாக்கம் இருப்பதால் வழியில் எவரும் படிக்க முடியாது என்று நம்பலாமா?

பாடவேளை, ஜூன் 21, காலை 10.18

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் மாணவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். அந்த அமைப்புக்கு ஆறு மதிப்புகள் உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் 'ப்ரிஃபர்' எடுத்துக்கொள்ளப்படும்: மறையாக்கம் கிடைத்தால் சரி, சர்வர் முடியாது என்றால் வெற்று எழுத்தாகவே போய்விடும். 'ரிக்வயர்' அதைவிட மேல், மறையாக்கம் இல்லாமல் போகாது. ஆனால் எதிர்முனையில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று அது கேட்பதில்லை. நடுவில் ஒருவன் தானே செய்துகொண்ட சான்றிதழோடு உட்கார்ந்தாலும் அவனோடு பத்திரமாக, மறையாக்கத்தோடு பேசும். உறையை ஒட்டி அனுப்புகிறீர்கள், வாங்குபவர் யாரென்று பார்க்கவில்லை. 'வெரிஃபை-சிஏ' நம்பத்தக்க சான்றளிப்பாளர் கையெழுத்திட்டதா என்று பார்க்கும். 'வெரிஃபை-ஃபுல்' அதோடு நீங்கள் கூப்பிட்ட பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்றும் பார்க்கும். வலையமைப்பைக் கடந்து போகும் இணைப்புக்குக் கடைசியானதைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெயரை ஒப்பிடுவதால் ஐபி எண்ணை எழுதி இணைக்காதீர்கள். சான்றிதழில் உள்ள அதே டொமைன் பெயரை எழுதுங்கள்.

எடைமேடையைப் பொறுத்தவரை, என் கருத்தில் அது தரவுத்தளத்தோடு பேசவே கூடாது. ஜாங்கோவில் எடையைப் பெற்றுக்கொள்ளும் ஒரு எண்ட்பாயிண்ட் (இணைய முகவரி) எழுதி, அந்தக் கணினிக்கு ஒரு டோக்கன் (அடையாளக் குறியீடு) கொடுத்து, 443 வழியாக அனுப்பச் செய்யுங்கள். இணையம் அறுந்தால் அந்தக் கணினியிலேயே எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்பில் சேமித்து வைத்து, வந்ததும் அனுப்பலாம். கையால் சீட்டு எழுத வேண்டியிருக்காது. டோக்கன் திருடு போனால் பொய்யான எடை வருமே தவிர, விவசாயிகளின் கணக்கு எண்கள் வெளியே போகாது.

பர்கூர்பாறை, ஜூன் 21, காலை 11.40

மேடம், சீசன் நடுவில் நிரலை மாற்றி எழுதச் சொன்னால் அந்தப் பையன்கள் என்ன செய்வார்கள்? வயர்கார்டு போட்டால் அரை மணி நேர வேலை. எடைமேடைக் கணினிக்கும் சர்வருக்கும் இடையில் சுரங்கப் பாதை; முகவரி எத்தனை முறை மாறினாலும் கவலையில்லை, சாவிதான் அடையாளம்.

பாடவேளை, ஜூன் 21, நண்பகல் 12.25

ஒப்புக்கொள்கிறேன். இப்போதைக்கு வயர்கார்டு, மாங்காய் வரத்து ஓய்ந்த பிறகு எண்ட்பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். சிம் ரவுட்டருக்குப் பின்னால் இருப்பதால் இணைப்பு அறுபடாமல் அவ்வப்போது பாக்கெட் அனுப்பும் கீப்அலைவ் மதிப்பை 25 நொடி என்று வையுங்கள். டாக்கரில் 5432ஐ சர்வரின் வயர்கார்டு முகவரியோடு மட்டும் பிணையுங்கள். ஆனால் சர்வர் மறுபடி துவங்கும்போது வயர்கார்டு எழுவதற்கு முன் கன்டெய்னர் எழுந்தால் அந்த முகவரி இல்லை என்று விழுந்துவிடும். துவங்கும் வரிசையை, லினக்ஸில் சேவைகளைத் துவக்கும் சிஸ்டம்டியில் கட்டி வையுங்கள்.

தகடூரான், ஜூன் 21, மாலை 4.33

ஒரு சந்தேகம். கடவுச்சொல்லைக் கிட்டிலிருந்து நீக்கி எங்கே வைப்பது? சூழல் மாறியில் வைப்பதே முறை என்றுதான் இவ்வளவு நாளாகப் படித்திருக்கிறேன்.

ஓசூர்க்காரன், ஜூன் 21, மாலை 6.02

நிரலில் எழுதுவதைவிட அது மேல். ஆனால் சூழல் மாறியை அந்தச் செயலி துவக்கும் ஒவ்வொரு துணை நிரலும் வாரிசாகப் பெறும், டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளை அதை வெளிப்படையாகக் காட்டும், பிழை அறிக்கை அனுப்பும் சில கருவிகள் சூழலையே வாரி அனுப்பிவிடும். கம்போஸ் சீக்ரெட் வழியாக ஒரு கோப்பாகக் கன்டெய்னருக்குள் ஏற்றி, அதை ஜாங்கோ திறந்து படிக்கும்படி செய்வதே என் வழக்கம். கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்), உரிமையாளர் அந்தச் சேவையின் பயனர். பெரிய நிறுவனங்களில் ரகசியங்களைக் காக்கும் வால்ட் போன்ற மென்பொருள்கள் இருக்கும். ஒரே சர்வர் வைத்திருப்பவருக்கு அது சுமை.

கிட்டிலிருந்து வரியை அழிப்பது மட்டும் போதாது, பழைய கமிட்டில் (சேமித்த பதிப்பில்) அது இருந்துகொண்டே இருக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதுவதில் இரவைக் கழிக்க வேண்டாம். அந்தக் கடவுச்சொல்லையே செல்லாததாக்குங்கள். வெளியே போன சாவியைத் தேடுவதைவிடப் பூட்டை மாற்றுவது சுலபம்.

மாங்காய்மண்டி, ஜூலை 9, இரவு 10.15

தாமதத்துக்கு மன்னிக்கவும், மூன்று வாரமாகத் தூக்கமே சரியாக இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு பயனர்களையும் பிரித்தோம். ஞாயிறு விடியற்காலை நான்கரை மணிக்கு இரண்டு லாரிகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் மாற்றினேன். செயலி எழுந்தது, பழைய சீட்டுகள் தெரிந்தன, நிம்மதியாக மூச்சுவிட்ட நேரத்தில் முதல் புதிய சீட்டு அனுமதி மறுக்கப்பட்டது என்று விழுந்தது. அட்டவணைக்கு அனுமதி கொடுத்திருந்தேன். சீட்டு எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் சீக்வென்ஸுக்குக் கொடுக்க மறந்திருந்தேன். படிப்பது எல்லாம் சரியாக நடந்ததால் எழுதிப் பார்க்கும் வரை தெரியவில்லை. அண்ணா சொன்ன டீஃபால்ட் அனுமதியில் சீக்வென்ஸையும் சேர்த்துவிட்டேன்.

வெரிஃபை-ஃபுல் வைத்தபோது இரண்டு இடத்தில் இடறினேன். சர்வரின் தனிச்சாவிக் கோப்பு வேறு பயனர்களும் படிக்கும்படி இருந்ததால் போஸ்ட்கிரஸ் துவங்கவே மறுத்தது. அனுமதியை 600 ஆக்கி, கன்டெய்னருக்குள் போஸ்ட்கிரஸ் ஓடும் பயனர் எண்ணுக்கு உரிமையை மாற்றியதும் எழுந்தது. அடுத்து கணக்கு அலுவலகத்துக் கணினியில் ரூட் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றது. விண்டோஸில் அது ஆப்டேட்டாவுக்குள் போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்ற கோப்புறையில் இருக்க வேண்டுமாம். நான் டி டிரைவில் வைத்திருந்தேன். டொமைன் பெயரை வயர்கார்டு முகவரிக்குத் திருப்பிவிட்டதால் பெயர் ஒப்பீடும் பொருந்துகிறது. பிஜி ஸ்டாட் எஸ்எஸ்எல் காட்சியில் பார்த்தேன், வெளியிலிருந்து வரும் எல்லா இணைப்புகளும் மறையாக்கத்தோடு இருக்கின்றன. 'போஸ்ட்கிரஸ்' பயனருக்கு வலையமைப்பு வழியாக வரும் வரியையே எடுத்துவிட்டேன். சர்வருக்குள் நுழைந்து கன்டெய்னருக்குள் போனால்தான் இனி அது.

லாக்கில் இப்போது ஒரே ஒரு தோல்விதான் மிச்சம். தினமும் காலை ஒன்பதரைக்கு 10.8.0.3 என்ற வயர்கார்டு முகவரியிலிருந்து 'போஸ்ட்கிரஸ்' பயனராக வர முயன்று, எச்பிஏவில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறது. கணக்கு அலுவலகத்தில் யாரோ போன வருடத்து எக்செல் கோப்பைத் திறக்கிறார்கள். நாளை அறிக்கை கொடுக்க அங்கே போக வேண்டியிருக்கிறது, அப்போது உட்கார்ந்து தேடிப் பார்க்கிறேன்.

ஓசூர்க்காரன், ஜூலை 9, இரவு 10.40

அந்தக் கோப்பின் பிரதி எத்தனை கணினியில் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள், தம்பி.